தோற்றத்துக்கு முன்னால் தெரியும் மரபு: பயிர், கால்நடை இனமேம்பாட்டில் மூலக்கூறு மரபியல்

பொலிகாளை பால் கறப்பதில்லை. ஆனால் அதற்குப் பிறக்கும் பசுக்கள் எவ்வளவு கறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் பாதி அந்தக் காளையிடமிருந்தே வருகின்றன. உறைவிந்து வழியாக ஒரே காளைக்கு ஆயிரக்கணக்கான கன்றுகள் பிறக்கக்கூடும் என்பதால், எந்தக் காளையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பெரிய முடிவு. அதன் உடற்கட்டையும் நடையையும் பார்த்துப் பால் வளத்தைச் சொல்லிவிட முடியாது. பயிர்களிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு நெற்பயிர் வெள்ளத்தைத் தாங்குமா என்பது வயல் மூழ்கும்வரை தெரியாது; ஒரு நோயை எதிர்க்குமா என்பது அந்த நோய் வரும்வரை தெரியாது. வெளியே தெரியாத இந்தப் பண்புகளை, அவை வெளிப்படும் முன்பே டி.என்.ஏ.வில் படித்துத் தேர்வு செய்வதற்குக் கிடைத்த வழிதான் மூலக்கூறு மரபியல்.

இனமேம்பாடு என்பது அடிப்படையில் மூன்று வேலைகள்: வேறுபாடு உள்ள பெற்றோரைக் கலப்பது, பிறந்தவற்றுள் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுப்பது, அவற்றிலிருந்து மறுபடியும் பெருக்குவது. விவசாயம் தொடங்கிய நாளிலிருந்து மனிதர்கள் இதைச் செய்துவருகிறார்கள். மூலக்கூறு மரபியல் இந்த மூன்றில் ஒன்றையும் நீக்கவில்லை. நடுவில் உள்ள தேர்வு என்னும் வேலையை விரைவாகவும் துல்லியமாகவும் செய்ய உதவுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் 'மரபணு' என்ற சொல்லைக் கேட்டதும், ஓர் உயிரின் மரபணுவை எடுத்து இன்னோர் உயிருக்குள் செலுத்துவதாகவே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பேசப்போகும் முறைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல.

டி.என்.ஏ. என்பது நான்கு வேதி எழுத்துகளால் ஆன மிக நீண்ட இழை. நெல்லில் இந்த எழுத்துகள் ஏறத்தாழ 39 கோடி. அவை 12 குரோமோசோம்களில் அடங்கியுள்ளன. மாட்டில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் 30 இணைக் குரோமோசோம்களில் உள்ளன. நெல்லின் முழு வரிசை 2005ஆம் ஆண்டிலும் மாட்டினுடையது 2009ஆம் ஆண்டிலும் வெளியிடப்பட்டன. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு உயிர்களின் வரிசையை அருகருகே வைத்தால் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். ஆங்காங்கே ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது ஒரு சிறு துண்டு கூடியோ குறைந்தோ இருக்கும். இப்படி ஆளுக்கு ஆள் மாறுபடுகிற, சோதித்தால் எளிதில் கண்டுபிடித்துவிடக்கூடிய இடங்களைத்தான் குறிப்பான்கள் என்கிறோம். ஆய்வகங்களில் மார்க்கர் என்றே சொல்வார்கள்.

குறிப்பான் தானாக ஒரு பண்பை உண்டாக்க வேண்டியதில்லை. பண்பை உண்டாக்கும் மரபணுவுக்கு அருகில் அது இருந்தாலே போதும். ஒவ்வொரு தலைமுறையிலும் விந்தும் முட்டையும் உருவாகும்போது, தாயிடமிருந்து வந்த குரோமோசோமும் தந்தையிடமிருந்து வந்த குரோமோசோமும் சில இடங்களில் அறுந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. சிவப்பு நாடாவையும் வெள்ளை நாடாவையும் இணையாக வைத்து ஓரிரு இடங்களில் வெட்டி மாற்றி ஒட்டினால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒரே துண்டில் சேர்ந்தே போகும். தொலைவில் இருப்பவை பிரிந்துவிடும். அதுபோல, மரபணுவுக்கு மிக அருகில் உள்ள குறிப்பான் அதனுடன் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆகவே குறிப்பானைப் பார்த்தால் மரபணு வந்திருக்கிறதா என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். இந்தக் கருத்து டி.என்.ஏ.வின் அமைப்பு தெரிவதற்கு முன்பே தோன்றியது. 1923ஆம் ஆண்டில் கார்ல் சாக்ஸ் என்ற அமெரிக்க அறிவியலாளர், பீன்ஸ் விதையின் நிறத்தைக் கொண்டு அதன் பருமனைத் தீர்மானிக்கும் மரபணுவின் போக்கை அறியலாம் என்று காட்டினார். அப்போது விதை நிறம்போலக் கண்ணுக்குத் தெரியும் குறிப்பான்கள் சிலவே இருந்தன. டி.என்.ஏ.விலேயே குறிப்பான்களைத் தேடலாம் என்ற நிலை 1980களில் வந்தது. அதற்குப் பிறகு குறிப்பான்களுக்குப் பஞ்சமே இல்லை.

இது நடைமுறையில் எப்படி நடக்கிறது என்பதை நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோயை வைத்து நெருங்கிப் பார்ப்போம். நல்ல விளைச்சலும் சமையல் தரமும் உள்ள ஒரு ரகம் இந்த நோய்க்கு எளிதில் ஆளாகிறது என்று வைத்துக்கொள்வோம். நோயை எதிர்க்கும் மரபணுக்கள் வேறொரு நெல்லில் உள்ளன. ஆனால் அந்த நெல்லின் மற்றப் பண்புகள் நமக்கு வேண்டாதவை. இரண்டையும் கலந்தால் பிறக்கும் நாற்றில் பாதி மரபு நல்ல ரகத்தினுடையது, பாதி மற்றதனுடையது. அந்த நாற்றை மீண்டும் நல்ல ரகத்தோடு கலப்பதைப் பின்கலப்பு என்கிறோம். ஒவ்வொரு பின்கலப்பிலும் வேண்டாத மரபு சராசரியாகப் பாதியாகக் குறைகிறது: நல்ல ரகத்தின் பங்கு முதல் பின்கலப்பில் 75 விழுக்காடு, அடுத்ததில் 87.5, அதற்கடுத்ததில் 93.75 என உயரும். ஆனால் ஒவ்வொரு முறையும் எதிர்ப்பு மரபணு தவறிப்போகாமல் காப்பாற்றிக்கொண்டே போக வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எதிர்ப்பு மரபணுக்களுள் எக்ஸ்ஏ-13, எக்ஸ்ஏ-5 ஆகிய இரண்டும் ஒடுங்கு வகை; ஒவ்வொரு மரபணுவுக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் இரண்டு படிகளும் எதிர்ப்புள்ளவையாக ஒரே செடியில் சேர்ந்தால்தான் எதிர்ப்பு வெளிப்படும். பின்கலப்பில் பிறக்கும் செடியில் ஒரு படி மட்டுமே இருக்க முடியும் என்பதால், அந்தச் செடிக்கு நோய்க்கிருமியைச் செலுத்திப் பார்த்தாலும் எதிர்ப்பு தெரியாது. பழைய முறையில், ஒவ்வொரு பின்கலப்புக்குப் பிறகும் செடியைத் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளவைத்து, அதன் பிள்ளைகளைச் சோதித்து, பிறகே அடுத்த கலப்புக்குப் போக வேண்டும். ஒரு பருவம் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கழியும்.

குறிப்பானைக் கொண்டு செய்தால் நாற்று இளசாக இருக்கும்போதே இலையில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி, நசுக்கி, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, வேண்டிய பகுதியை மட்டும் பி.சி.ஆர். முறையில் பலமடங்காக்கி, கூழ்மத்தில் மின்சாரம் செலுத்தி ஓடவிடுகிறார்கள். நீளம் குறைந்த துண்டு வேகமாகவும் நீண்ட துண்டு மெதுவாகவும் நகரும். எக்ஸ்ஏ-13க்குப் பயன்படும் ஒரு குறிப்பானில், எதிர்ப்புள்ள செடி ஏறத்தாழ 500 எழுத்து நீளத் துண்டையும், எதிர்ப்பில்லாத செடி ஏறத்தாழ 250 எழுத்து நீளத் துண்டையும் தரும். இரண்டு கோடுகளும் ஒருசேரத் தெரிந்தால், அந்த நாற்றில் ஒரு படி ஒளிந்திருக்கிறது என்று பொருள். செடியில் எதிர்ப்பு வெளிப்படாவிட்டாலும் டி.என்.ஏ.வில் அது தெரிகிறது. எக்ஸ்ஏ-21, எக்ஸ்ஏ-13, எக்ஸ்ஏ-5 என்ற மூன்றும் ஒரே நாற்றில் இருப்பதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. எண்பது நாற்றுகளைச் சோதித்தால் பத்து கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அந்தப் பத்தை மட்டும் பூக்கும்வரை வளர்த்து அடுத்த கலப்புக்குப் பயன்படுத்தினால் போதும்.

ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் சேர்ந்து இந்த மூன்று மரபணுக்களையும் சம்பா மசூரி ரகத்துக்குள் கொண்டுவந்து உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மூன்றை ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரே ஒரு மரபணுவை நம்பினால், அதை மீறிப்போகும் கிருமி வகை ஒன்று தோன்றிப் பரவினாலே எதிர்ப்பு பயனற்றுப் போகும். மூன்றையும் ஒருசேர மீறுவது கிருமிக்குக் கடினம். ஆனால் மூன்று மரபணுக்களும் ஒரே நோயை எதிர்ப்பவை என்பதால், செடியில் ஒன்று இருக்கிறதா, மூன்றும் இருக்கின்றனவா என்று நோயைச் செலுத்திப் பார்த்துப் பிரித்தறிவது கடினம். இத்தகைய அடுக்கலுக்குக் குறிப்பான்கள் இன்றியமையாதவை.

குறிப்பான்களின் இன்னொரு பயனை நான் இதைவிடவும் முக்கியமாகக் கருதுகிறேன், அதைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது என்றாலும். வேண்டிய மரபணுவோடு ஒட்டிக்கொண்டு, அதன் இருபுறமும் உள்ள வேண்டாத துண்டுகளும் கூடவே வந்துவிடுகின்றன. பின்கலப்பைத் திரும்பத் திரும்பச் செய்தால் இவை போய்விடும் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. காட்டுத் தக்காளியிலிருந்து வைரஸ் எதிர்ப்பு மரபணு ஒன்றைப் பெற்ற தக்காளி ரகங்களை 1989ஆம் ஆண்டில் குறிப்பான்களால் ஆராய்ந்தபோது, 11 முறை பின்கலப்பு செய்யப்பட்ட ஒரு ரகத்தில்கூட அந்த மரபணு உள்ள குரோமோசோமின் ஒரு கை, அதாவது ஒரு பக்கம், முழுவதும் காட்டுத் தக்காளியுடையதாகவே இருந்தது தெரியவந்தது. மரபணுவுக்கு மிக அருகில் குரோமோசோம் அறுபட்ட செடி அபூர்வமாகவே பிறக்கும். அதைக் கண்டுபிடிக்க மரபணுவின் இருபுறமும் குறிப்பான்களை வைத்துத் தேட வேண்டும். அப்படித் தேடினால், குருட்டுத்தனமாகப் பல தலைமுறை கலந்தும் கிடைக்காதது இரண்டு மூன்று தலைமுறைகளில் கிடைத்துவிடுகிறது.

வெள்ளம் தாங்கும் நெல்லின் கதை இதற்கு நல்ல சான்று. ஒடிசாவின் பாரம்பரிய நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர்.13ஏ என்ற வகை, இரண்டு வாரம் வரை முழுவதுமாக நீரில் மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும். சாதாரண நெல் மூழ்கியதும் தலையை வெளியே நீட்டுவதற்காக வேகமாக வளர்ந்து, சேமித்த சர்க்கரையை எல்லாம் செலவழித்து மடிந்துவிடுகிறது; இந்த நெல்லோ வளர்ச்சியை நிறுத்திவைத்து, நீர் வடிந்த பிறகு தூர் விடுகிறது. இந்தப் பண்பைத் தரும் பகுதி ஒன்பதாம் குரோமோசோமில் இருப்பதை 1990களின் நடுவில் கண்டறிந்தார்கள்; சப்-1ஏ என்ற மரபணுதான் அதற்குக் காரணம் என்பது 2006ஆம் ஆண்டில் வெளியானது. எஃப்.ஆர்.13ஏயின் விளைச்சலும் தரமும் குறைவு என்பதால் முந்தைய கலப்பு முயற்சிகளில் வெள்ளத்தைத் தாங்கும் தன்மை கிடைத்தபோதும் விவசாயிகள் விரும்பும் ரகம் கிடைக்கவில்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் குறிப்பான்களின் துணையோடு அந்தச் சிறு பகுதியை மட்டும் சுவர்ணா ரகத்துக்குள் கொண்டுவந்தார்கள். சுவர்ணா-சப்1 என்ற அந்த ரகம் 2009ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளியிடப்பட்டது. வெள்ளம் வராத ஆண்டில் அது சுவர்ணாவைப் போலவே விளைகிறது என்பதால் விவசாயி எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கால்நடைகளில் இந்த அறிவு முதலில் பயன்பட்டது, தீங்கு செய்யும் மரபணுக்களை அகற்றுவதில்தான். சில பன்றி இனங்களில், அதிர்ச்சியோ வெப்பமோ தாக்கினால் திடீரென்று இறந்துபோகும் குறைபாடு பரவியிருந்தது. அவற்றின் இறைச்சியும் வெளிறி நீர்விடும். குறைபாடு உள்ளவற்றைக் கண்டறிய ஹாலோத்தேன் என்ற மயக்க வாயுவைக் குட்டிகளுக்குக் கொடுத்து, உடல் விறைக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு படிகளும் உள்ள குட்டிகள்தான் இதில் அகப்படும். ஒரு படியைச் சுமக்கும் குட்டிகள் தப்பி, அடுத்த தலைமுறைக்கு அதைக் கடத்தும். 1991ஆம் ஆண்டில், ஒரே ஓர் எழுத்து மாற்றம்தான் காரணம் என்று கண்டறிந்த பிறகு டி.என்.ஏ. சோதனை போதுமானதாகிவிட்டது. ஹோல்ஸ்டீன் என்ற கறவை மாட்டினத்தில் வெள்ளையணுக்களைச் செயலிழக்கச்செய்து கன்றுகளைக் கொல்லும் ஒரு பிறவிக் குறைபாடும் இப்படிப்பட்டதே. 1992ஆம் ஆண்டில் அதன் மரபணு மாற்றம் அறியப்பட்டபோது, அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட காளைகளுள் ஏறத்தாழ 14 விழுக்காடு அதைச் சுமந்துகொண்டிருந்தன. அது ஒரு புகழ்பெற்ற காளையின் வழியில் வந்தது. சுமக்கும் காளைகளைச் சோதனையால் கண்டறிந்து ஒதுக்கியதும் நோயுற்ற கன்றுகள் பிறப்பது அருகிவிட்டது.

ஓரிரு மரபணுக்களால் தீர்மானிக்கப்படும் பண்புகளுக்கு இதுவரை சொன்ன முறை போதும். பாலின் அளவு, உடல் எடை, தானிய விளைச்சல் போன்றவை அப்படியல்ல. ஆயிரக்கணக்கான இடங்களில் உள்ள மாற்றங்கள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவில் கூட்டியும் குறைத்தும் இவற்றை உண்டாக்குகின்றன. மாட்டின் பதினான்காம் குரோமோசோமில் உள்ள டி.ஜி.ஏ.டி.-1 என்ற மரபணு பாலின் கொழுப்பைக் கணிசமாக மாற்றுவது 2002ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஆனால் அப்படிப் பெரிய விளைவு உடையவை விதிவிலக்குகள். 1990களில் பால் வளத்துக்கான முக்கிய மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிடலாம் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பு பெரிதாக நிறைவேறவில்லை. சிறு விளைவுகளை ஒவ்வொன்றாக உறுதிப்படுத்துவது இயலாது என்பதே அதற்குக் காரணம்.

வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. டியோ மியூவிசன், பென் ஹேய்ஸ், மைக் கோடார்டு ஆகிய மூவரும் 2001ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுக் கட்டுரை, எந்த மரபணு காரணம் என்று தேடுவதையே விட்டுவிடலாம் என்றது. குரோமோசோம்கள் முழுவதும் அடர்த்தியாகக் குறிப்பான்களை வைத்து, பண்பு அளவிடப்பட்ட ஏராளமான விலங்குகளில் அவற்றைச் சோதித்து, ஒவ்வொரு குறிப்பானுக்கும் எவ்வளவு பங்கு என்று கணக்கிட வேண்டும். பிறகு, பண்பு இன்னும் தெரியாத ஓர் இளம் விலங்கின் குறிப்பான்களைப் பார்த்து அந்தப் பங்குகளைக் கூட்டினால் அதன் மரபு மதிப்பு கிடைக்கும். இதற்கு மரபுத்தொகுதித் தேர்வு என்று பெயர். சில ஆண்டுகளில், மாட்டின் ஏறத்தாழ 54,000 இடங்களை ஒரே நேரத்தில் படிக்கும் சிப்புகள் வந்தன. 2009ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா தன் கறவை மாடுகளுக்கு இந்த மதிப்பீட்டை அதிகாரபூர்வமாக வெளியிடத் தொடங்கியது.

இதனால் என்ன மாறியது என்பதைக் காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் புரியும். முன்பு ஒரு காளையின் தகுதியை அறிய, அது ஒரு வயதைத் தாண்டிய பிறகு விந்தைச் சேகரித்துப் பல பண்ணைகளுக்குக் கொடுத்து, ஒன்பது மாதம் கழித்து மகள் கன்றுகள் பிறந்து, அவை கிடாரிகளாகிச் சினைப்பட்டு முதல் ஈற்று ஈன்று, பால் அளக்கப்படும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் காளைக்கு ஐந்து வயதுக்கு மேல் ஆகிவிடும். சோதித்தவற்றுள் பெரும்பாலானவை தேர்ச்சி பெறாமல் போகும். இப்போது பிறந்த கன்றின் வால் மயிரை வேரோடு பிடுங்கியோ காதில் சிறு திசுவை எடுத்தோ அனுப்பினால் சில வாரங்களில் மதிப்பீடு வந்துவிடுகிறது. மகள்களின் பால் பதிவு தரும் அளவுக்கு அது நம்பகமானதல்ல என்றாலும், பெற்றோரின் தகுதியை மட்டும் வைத்துச் சொல்வதைவிட மிகவும் நம்பகமானது. அமெரிக்க ஹோல்ஸ்டீன் மாடுகளில், அடுத்த தலைமுறைக் காளைகளுக்குத் தந்தையாகும் காளைகளின் சராசரி வயது சுமார் 7 ஆண்டுகளிலிருந்து 2.5 ஆண்டுகளுக்கும் கீழே இறங்கியது. தலைமுறை இடைவெளி சுருங்கினால் ஆண்டுதோறும் கிடைக்கும் முன்னேற்றம் அதற்கேற்பக் கூடும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்த இரண்டு காளைக் கன்றுகளுக்கு, வம்சாவளியை மட்டும் பார்த்தால் ஒரே மதிப்பீடுதான் கிடைக்கும். உண்மையில் பெற்றோரின் எந்தப் பாதி யாருக்குப் போனது என்பதில் அவை வேறுபடுகின்றன. ஒன்று மிகச் சிறந்ததாகவும் மற்றது சாதாரணமானதாகவும் இருக்கலாம். குறிப்பான்கள் பிறந்த அன்றே காட்டிக்கொடுப்பது இந்த வேறுபாட்டைத்தான். சினைப்பிடிக்கும் திறன், மடிநோய் எதிர்ப்பு போன்று, சூழலின் தாக்கம் மிகுந்து மரபின் பங்கு குறைவாகத் தெரியும் பண்புகளில் இதன் பயன் இன்னும் கூடுதலாக உணரப்பட்டுள்ளது.

வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். குறிப்பான்களின் பங்கைக் கணக்கிட, பண்பு நேர்மையாக அளவிடப்பட்ட ஆயிரக்கணக்கான விலங்குகளோ செடிகளோ அடித்தளமாக வேண்டும். பால் பதிவேடே இல்லாத மந்தையில் சிப்பை மட்டும் வாங்கிவந்து பயனில்லை. ஹோல்ஸ்டீனில் கணக்கிட்ட பங்குகளை எருமைக்கோ வேறொரு மாட்டினத்துக்கோ அப்படியே பொருத்த முடியாது. குறிப்பானுக்கும் உண்மையான மரபணுவுக்கும் உள்ள தொடர்பு இனத்துக்கு இனம் மாறுகிறது. ஒரே இனத்துக்குள்ளும் தலைமுறைகள் செல்லச் செல்ல அந்தத் தொடர்பு தளர்வதால் புதிய அளவீடுகளைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சூழலில் சிறந்த ரகம் வேறொரு மண்ணிலோ வறட்சியிலோ பின்தங்கலாம். விரைவுக்கும் விலை உண்டு: எல்லோரும் ஒரே சில சிறந்த காளைகளைத் தேடிப் பயன்படுத்தினால் மந்தைக்குள் உறவுக்கலப்பு வேகமாகக் கூடும். அதே குறிப்பான்களைக் கொண்டு இரண்டு விலங்குகளுக்கு இடையே உள்ள உறவை அளந்து, யாரை யாரோடு சேர்ப்பது என்று திட்டமிட முடியும். இதைச் செய்யாமல் பால் அளவை மட்டும் துரத்துவது பெரும் தவறு என்பதே என் கருத்து.

மரபணு மாற்றத்தோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னேன். குறிப்பான் வழித் தேர்வில் செடிக்குள்ளோ விலங்குக்குள்ளோ ஆய்வகத்திலிருந்து எதுவும் செலுத்தப்படுவதில்லை. கலப்பில் இயல்பாகப் பிறந்தவற்றுள் எதை வைத்துக்கொள்வது என்று மட்டுமே முடிவு செய்யப்படுகிறது. 2012ஆம் ஆண்டில் அறிமுகமாகி 2020ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற கிரிஸ்பர் முறை இதிலிருந்து வேறுபட்டது. அது குறிப்பிட்ட ஓரிடத்தில் டி.என்.ஏ.வை வெட்டித் திருத்துகிறது. எந்த எழுத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்த பண்புகளுக்கு அது உதவும். ஆயிரம் சிறு விளைவுகள் சேர்ந்த விளைச்சலுக்கு இன்றைய நிலையில் தேர்வே வழி.

தேர்வுக்கோ வேறுபாடு வேண்டும். அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி பாரம்பரிய ரகங்களிலும் காட்டு உறவினங்களிலும் இருக்கிறது. எக்ஸ்ஏ-21கூட ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்ததே. விதை வங்கிகளில் உள்ள ஏறத்தாழ 3,000 நெல் வகைகளின் டி.என்.ஏ. வரிசைகள் 2014ஆம் ஆண்டில் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டன. அவை எங்கெங்கே ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன என்பதை இப்போது கணினியில் பார்த்துவிடலாம். அந்த மாறுபாடுகளுள் எது உப்பைத் தாங்குகிறது, எது புதிய பூச்சியை எதிர்க்கிறது என்பதை அறிய, அந்த வகைகளை உவர் நிலத்தில் நட்டும் பூச்சிக்கு உட்படுத்தியும் ஒவ்வொன்றாக அளந்தாக வேண்டும். அந்த வேலை பல நாடுகளின் வயல்களில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.